முன்பயிற்சி இல்லாமல் வருபவருக்கு சிஎஸ்50

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்துவிட்டுக் கணினி அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவள் நான். பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என நிரல் மொழிகளைப் பள்ளியிலேயே எழுதிப் பழகியிருந்த தோழி ஆய்வகத்தில் பத்தே நிமிடத்தில் நிரலை முடித்துவிட, விடுபட்ட ஓர் அரைப்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்த நான், இந்தத் துறைக்குரிய மூளை எனக்கு இல்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். அவளிடம் இருந்தது இரண்டு ஆண்டுப் பழக்கம். அதைப் பிறவித் திறமை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்னும் அறிமுகப் பாடம். 2007 முதல் டேவிட் மாலன் நடத்திவரும் இதன் காணொளிகளும் பயிற்சிகளும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சக மாணவரை எட்டிப் பிடிப்பது பெரிதல்ல, தொடங்கிய நாளில் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்பதே முக்கியம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்.

சொல்வதோடு நிற்காமல், பயிற்சிகளையும் அதற்கேற்பவே அமைத்திருக்கிறார்கள். சி மொழியின் முதல் வாரத்தில், மாரியோ விளையாட்டில் வரும் படிக்கட்டை ஹாஷ் குறிகளால் வரைய வேண்டும். புதியவருக்கு ஒரு பக்கப் படிக்கட்டு, பழகியவருக்கு நடுவே இடைவெளி விட்ட இரட்டைப் படிக்கட்டு. அடுத்த பயிற்சியில் புதியவர் சில்லறைக் காசுகளை எண்ண, பழகியவர் கடன் அட்டை எண் முறையானதுதானா என்று சோதிக்கிறார். எதை எடுப்பது என்பதை மாணவரே தீர்மானிக்கிறார். இரு நிலைகளுக்கும் பெயர் வைக்கும்போது திறமை என்ற சொல்லையே தவிர்த்து, நிரல் எழுதுவது எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பாடத்தின் தொடக்கத்தில் வரும், திரையில் கட்டைகளை அடுக்கியே நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச் மொழியிலிருந்து அடுத்த வாரமே சி மொழிக்குத் தாவுவது கடினம்தான். இடையில் இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கலாம். நான்காம் வாரத்தில் பாயிண்டர்களும் (நினைவகத்தில் தரவு இருக்கும் இடத்தின் முகவரிகள்) நினைவகமும் வரும்போது வேகம் மேலும் கூடுகிறது. ஆனால் பைத்தான் மட்டும் தெரிந்து வந்தவருக்கும் பாயிண்டர் புதிதுதான் என்பதால், ஏறக்குறைய எல்லோரும் ஒரே தடுமாற்றத்தில் இருக்கும் வாரமும் அதுவே.

ஆங்கில விரிவுரையைப் பின்தொடர முடிந்தவர்கள், கல்லூரி திறப்பதற்கு முந்தைய விடுமுறையில் முதல் மூன்று வாரப் பாடங்களையாவது முடித்துவிடுங்கள். அப்போது எளிய படிக்கட்டையே எடுங்கள். இரட்டைப் படிக்கட்டுக்கு நான் ஐந்தாம் வாரத்துக்குப் பிறகுதான் திரும்பினேன்.