தொலைநோக்கி செய்யும் பெட்டி: ஓராண்டு வகுப்பறைப் பயன்பாட்டுக்குப் பின்

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் வட்டாரத்தில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். மாணவர்களே தொலைநோக்கி செய்து பார்ப்பதற்கான பெட்டிகள் ஆறினைச் சென்ற ஆண்டு இணையத்தில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்திடம் பெட்டிக்கு 650 ரூபாய் கொடுத்து வாங்கினோம். நான்கு பேருக்கு ஒரு பெட்டி என்று பிரித்துக் கொடுத்தேன்.

பெட்டியில் 50 மில்லிமீட்டர் விட்டமும் 50 சென்டிமீட்டர் குவிய தூரமும் (தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் லென்சிலிருந்து விழும் தூரம்) கொண்ட ஒரு குவிலென்சு, 2.5 சென்டிமீட்டர் குவிய தூரமுள்ள ஒரு சிறு லென்சு, ஒன்றினுள் ஒன்று நுழையும் இரண்டு அட்டைக் குழாய்கள், லென்சைப் பிடிக்கும் வளையங்கள், ஒரு கையேடு ஆகியவை இருந்தன. லென்சுகள் கீறலின்றி, விலைக்கு மேற்பட்ட தரத்தில் இருந்தன. கையேடுதான் எனக்கு உடன்பாடில்லாதது. குவிய தூரம் எவ்வளவு, குழாயை எந்தக் கோடு வரை நுழைக்க வேண்டும் என்பதையெல்லாம் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிட்டால், மாணவருக்குப் பசை தடவும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது.

ஆகவே முதல் இரண்டு பாடவேளைகளுக்குக் கையேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, லென்சையும் அளவுகோலையும் ஒரு வெள்ளைத் தாளையும் மட்டும் கொடுத்தேன். ஒரு சன்னலைத் தவிர மற்றவற்றைச் சாத்தியதும், ஜவ்வாது மலை தலைகீழாகத் தாளில் வந்து விழுந்தது. லென்சுக்கும் தாளுக்கும் இடையிலான தூரத்தை ஐந்து குழுக்கள் 49 முதல் 51 சென்டிமீட்டர் வரை அளந்தன. ஒரு குழு மட்டும் 56 என்று உறுதியாகச் சொன்னது. மூன்று முறை அளந்தும் அதே விடைதான். வகுப்பே அவர்கள் தவறு செய்ததாகச் சொன்னபோது, அந்தக் குழுவின் மாணவி ஒருத்தி தாங்கள் மலையைப் பார்க்கவில்லை, சன்னலுக்கு வெளியே ஐந்து மீட்டருக்குள் நிற்கும் வேப்பமரத்தைப் பார்த்தோம் என்றாள். பொருள் அருகில் இருந்தால் பிம்பம் குவியத்துக்கு அப்பால் தள்ளி விழும் என்பதை நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அன்று அவர்களே 56-ஐ லென்சு சமன்பாட்டில் இட்டு, மரம் ஏறக்குறைய நான்கே முக்கால் மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். அந்த ஒரு பாடவேளைக்காகவே இப்பெட்டியை மற்ற ஆசிரியர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

குழாயில் பொருத்தியபின் உருப்பெருக்கம் 20 மடங்கு. நிலவின் பள்ளங்களும், 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் பள்ளி மைதானத்திலிருந்தே தெரிந்தன. ஒற்றை லென்சு என்பதால் நிலவின் விளிம்பில் ஊதா நிறம் படிகிறது; அதைக் குறையாகக் கருதாமல் ஒளி நிறங்களாகப் பிரியும் நிறப்பிரிகை பாடத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள சனியின் வளையப் படம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. இந்த அமைப்பில் அத்தகைய தெளிவு கிடைக்காது.

"டீச்சர், காவலூர்ல பாத்தாலும் தலைகீழாத்தான் தெரியுமா?" என்று ஒருவன் கேட்டான். காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியில் லென்சுக்குப் பதிலாக 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி இருப்பதையும், ஆய்வாளர்கள் கருவிகளைக் கொண்டே ஒளியைப் பதிவு செய்வதால் பிம்பத்தின் திசை அவர்களுக்குத் தடையில்லை என்பதையும் சொன்னேன்.

ஒரு குறையை மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டும். தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்த்தால் விழித்திரை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்ற எச்சரிக்கை, கையேட்டின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. நான் ஒவ்வொரு குழாயிலும் சிவப்பு மையில் தமிழில் எழுதி ஒட்டிய பிறகே மாணவர் கையில் கொடுத்தேன். வாங்குபவர்கள் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் அட்டைக் குழாய்கள் ஈரம் வாங்கி இரண்டு பெட்டிகளில் இறுகிக்கொண்டன. லென்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனவே வரும் ஆண்டுக்கு லென்சுகளை மட்டும் தனியாகத் தர முடியுமா என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். குழாய்க்குப் பிவிசி பைப் போதும், அதன் நீளத்தைப் பிள்ளைகளே அளந்து வெட்டிக்கொள்வார்கள்.