மாளிகையா, கோட்டையா: கோடையில் ரோமானிய மண்ணைத் தோண்ட எங்கே போகலாம்?

விடுமுறையில் கைக்காசு செலவழித்து மண் சுமக்க ஆசைப்படுபவர்கள் ஐரோப்பாவில் நிறையவே உண்டு. அவர்கள் முன் இருக்கும் வழிகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இத்தாலியில் ரோமானியர் காலத்து மாளிகை ஒன்றில் பல்கலைக்கழகம் நடத்தும் களப்பயிற்சி; வட இங்கிலாந்தில், ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை ஒட்டிய விண்டோலாண்டா என்ற ரோமானியப் படைக்கோட்டை.

மயக்குவது என்னவோ மாளிகைதான். ரோமுக்கு வடக்கே சபினா மலைப்பகுதியில், வக்கோனே என்ற ஊரில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிப் பல கோடைகள் தோண்டியது. சிறு கற்கள் பதித்த மொசைக் தரைகளும் எண்ணெய் பிழிந்த இடமும் அங்கே வெளிப்பட்டன. ஆனால் இத்தகைய இடங்களில் தொண்டரின் பொழுது பெரும்பாலும் உடைந்த கூரை ஓடுகளையும் உதிர்ந்த சுவர்ப்பூச்சையும் அள்ளுவதிலேயே கழியும். வெயில் ஏறியபின் பானை ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். அரும்பாடுபட்டுத் திறந்த மொசைக்கைக்கூடப் படமெடுத்து, துணி விரித்து, மறுபடி மண்ணால் மூடிவிடுவது வழக்கம். தரையின் நன்மைக்குத்தான், இருந்தாலும் மனம் அடித்துக்கொள்ளும். மண்ணடுக்கை வரையவும் பதிவுத்தாள் நிரப்பவும் முறையாகக் கற்றுத்தருவார்கள் என்பதால், தொல்லியல் மாணவருக்கு அந்தப் பயிற்சிக்குக் கட்டும் கட்டணம் வீணல்ல. மற்றவர்களுக்கு அது அதிகம்.

விண்டோலாண்டாவில் முன்அனுபவம் கேட்பதில்லை. வயது 16 ஆகியிருந்தால் போதும். ரோமானியப் படையினர் இங்கே பழைய மரக்கோட்டையை இடித்து, களிமண் பரப்பி, அதன்மேலேயே அடுத்ததைக் கட்டினார்கள். காற்றுப் புகாத அந்த ஈர அடுக்கில் தோலும் மரமும் மக்காமல் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான செருப்புகள் கிடைத்துவிட்டன, குழந்தைகளுடையது உட்பட. 1973-இல் தொல்லியலாளர் ராபின் பர்லி இங்கேதான் மை எழுத்துள்ள மெல்லிய மரச்சீவல்களைக் கண்டெடுத்தார். பின்னர் கிடைத்த ஒரு சீவலில், கிளாடியா செவெரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைக்கிறாள். எழுதி சுமார் 1,900 ஆண்டுகள் ஆகின்றன. மாளிகையின் மொசைக் வீட்டுக்காரரின் செல்வத்தைச் சொல்லும். இந்தச் சீவல் ஒருத்தியின் குரலையே கொண்டுவருகிறது. என் ஓட்டு கோட்டைக்குத்தான்.

ஒன்று, 1945-இல் அரிக்கமேட்டில் தொல்லியலாளர் வீலர் வெட்டியது போன்ற ஒழுங்கான சதுரக் குழிகளை அங்கே எதிர்பார்க்காதீர்கள். பரப்பை அகலமாகத் திறந்துதான் தோண்டுகிறார்கள். தொண்டர்களுக்கான இடங்கள் பதிவு தொடங்கிய வேகத்திலேயே தீர்ந்துவிடும். கோடை என்ற சொல்லை நம்பி மழை அங்கியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.