பெயர் எழுதாத கவரில் மருந்து வாங்காதீர்கள்: அம்மாவுக்கு நடந்தது

யாழ்ப்பாணத்தில் டொக்டரின் துண்டு இல்லாமல் மருந்துக்கடையில் கேட்டு அன்ரிபயோட்டிக் வாங்குகிற பழக்கம் உள்ள எல்லோரும் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடையின் பெயரையோ தனியார் கிளினிக்கின் பெயரையோ இங்கே போடவில்லை. முறைப்பாடு எழுத்தில் போயிருக்கிறது, அது அதன் வழியில் நடக்கட்டும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: மருந்தின் பெயர் எழுதாத கவரை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

அம்மாவுக்குத் தொண்டை நோவும் இலேசான காய்ச்சலும் இருந்தது. கிட்டவுள்ள கடையில் தம்பி போய்ச் சொல்ல, நின்றவர் துண்டு கேட்கவில்லை. ஆருக்கு, என்ன வயது, முந்தி ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று எதுவும் கேட்கவில்லை. பெரிய போத்தலில் இருந்து கப்சூல்களை எண்ணி ஒரு வெள்ளைக் கவரில் போட்டு, மேலே பேனையால் ‘1 x 3’ என்று எழுதிக் கொடுத்தார். மருந்தின் பெயர் இல்லை, எத்தனை மில்லிகிராம் என்று இல்லை, காலாவதித் திகதி இல்லை, பில்லும் இல்லை.

அடுத்த நாள் விடிய அம்மாவின் கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கு எல்லாம் சிவந்து தடித்துப்போய் இருந்தது. கடிக்குது, எரியுது என்று சொன்னா. பின்னேரத்துக்குள் அந்தச் சிவப்பின் மேல் ரவையைத் தூவினது மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சீழ்க் கொப்பளங்கள். ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவுதான், ஆனால் எண்ண முடியாத அளவுக்கு. இரவு காய்ச்சல் 39 பாகையைத் தாண்டியது.

அதே கடைக்கு நானே போனேன். படத்தைக் காட்டினேன்.

“இது சூட்டுக்கு வாறது, தங்கச்சி. கிருமி உடம்பெல்லாம் பரவியிருக்கு, அதுதான் சீழ் வைக்குது. முந்தித் தந்ததைவிடப் பவரானது ஒண்டு தாறன்.”

“முந்தித் தந்தது என்ன மருந்து, அண்ணை?”

“தொண்டைக்குக் குடுக்கிற மருந்துதான். பேர் தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?”

அந்தப் பவரான குளிசை கோ-அமொக்சிகிளாவ் என்பது பிறகுதான் தெரிய வந்தது. முதலில் தந்த கப்சூல் அமொக்சிசிலின். கோ-அமொக்சிகிளாவ் என்றால் அதே அமொக்சிசிலினோடு கிளவுலானிக் அமிலத்தையும் சேர்த்தது. ஒரு மருந்தால் உடம்பு முழுக்கச் சீழ் கொட்டி நிற்கும் ஒரு வயதான மனுசிக்கு, அதே மருந்தை வேறு பெயரில் திரும்பவும் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைக்க இப்போதும் எனக்கு ஆறவில்லை.

தனியார் கிளினிக்கில் நடந்ததும் இதற்குக் குறைவில்லை. டொக்டர் கதிரையை விட்டு எழும்பவில்லை. சட்டையை விலக்கிப் பார்க்கவில்லை. கையில் இருந்ததை மட்டும் பார்த்து “கொப்பளிப்பான்” (சிக்கன் பொக்ஸ்) என்றார். சின்ன வயதிலேயே கொப்பளிப்பான் வந்து போய்விட்டது என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. என்ன மருந்து குடிக்கிறா என்ற கேள்வியும் வரவில்லை. அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை எழுதினார், அன்ரிபயோட்டிக்கையும் நிறுத்தாமல் குடிக்கச் சொன்னார். காசு மட்டும் ஒழுங்காக வாங்கினார்கள்.

கொப்பளிப்பானுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்பதைப் பிறகு ஆஸ்பத்திரியில் விளக்கமாகச் சொன்னார்கள். கொப்பளிப்பானில் முதலில் வருவது நீர்க் கொப்பளம். ஒரே நேரத்தில் புதியது, முற்றியது, காய்ந்து பொருக்கு வைத்தது எல்லாம் கலந்து கிடக்கும். அம்மாவுக்கு வந்தது தொடக்கத்திலேயே சீழ், எல்லாம் ஒரே அளவு, அடியில் தோல் பரவலாகச் சிவந்து வீங்கியிருந்தது, உடம்பு மடிகிற இடங்களில்தான் தொடங்கியது. கமக்கட்டைத் திறந்து பார்த்திருந்தாலே அந்த டொக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நிலைமை மோசமாகி அம்மா தலை சுற்றி இருந்துவிட்டா. 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிக்கொண்டு போனது. அங்கே வார்ட்டில் பார்த்த இளம் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து குடிச்சவா?” எங்களிடம் இருந்தது ‘1 x 3’ என்று எழுதின வெள்ளைக் கவர். தம்பி கடைக்குப் போன் எடுத்தான். அன்றைக்கு நின்ற பெடியன் லீவு, என்ன கொடுத்தது என்று தெரியாது என்று வைத்துவிட்டார்கள். கவருக்குள் மிஞ்சிக் கிடந்த கப்சூலின் மேல் அச்சடித்திருந்த எழுத்துகளை வைத்து ஆஸ்பத்திரிப் பார்மசிஸ்ட்தான் அது அமொக்சிசிலின் என்று கண்டுபிடித்துச் சொன்னார். கப்சூல் முடிந்திருந்தால் அதுவும் இல்லை.

தோல் வைத்திய நிபுணர் வந்து பார்த்தார். சொறியாசிஸ் (தோல் சிவந்து செதில் வைக்கிற நீண்டநாள் தோல் வருத்தம்) இருந்ததா என்று கேட்டார், ஏனென்றால் அதிலும் இப்படிச் சீழோடு வருகிற ஒரு வகை உண்டு. சீழைத் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கிருமி எதுவும் வளரவில்லை. தோலில் சின்னத் துண்டு எடுத்தும் பார்த்தார்கள். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள், அதிலும் நியூட்ரோபில்கள், மிகவும் கூடியிருந்தன. காய்ச்சலும் சீழும் கூடின வெள்ளை அணுக்களும் ஒன்றாக வந்தால் பார்க்கிற எவரும் கிருமி என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஆனால் அந்தச் சீழில் கிருமி இல்லை. மருந்துக்கு எதிராக உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்து, நியூட்ரோபில்களைத் தோலின் மேற்படைக்கு இழுத்துக் குவிப்பதால் வருகிற சீழ் அது. வைத்தியத்தில் இதை ஏ.ஜி.ஈ.பி. (Acute Generalised Exanthematous Pustulosis, உடம்பெங்கும் திடீரென்று சீழ்க் கொப்பளம் போடுகிற வருத்தம்) என்பார்கள். 1980இல்தான் பிரான்சில் இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் சொறியாசிஸோடு சேர்த்தே பார்த்துவந்தார்கள்.

இது வருவது அரிது. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் மருந்தால்தான் வருகிறது. அமொக்சிசிலின், அம்பிசிலின் போன்ற அன்ரிபயோட்டிக்குகள்தான் அடிக்கடி சொல்லப்படுபவை. பூஞ்சணத்துக்குக் கொடுக்கிற ரெர்பினஃபின், மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற ஹைட்ரொக்சிக்ளோரோகுயின், பிரசருக்குக் கொடுக்கிற டில்ரியாசெம் ஆகியவற்றாலும் வரலாம். அன்ரிபயோட்டிக் என்றால் பெரும்பாலும் ஒரு நாள் அளவில் தொடங்கிவிடும், மற்ற மருந்துகள் பலவற்றுக்குக் கிட்டத்தட்ட 11 நாள் எடுக்கலாம். இதை வாசித்துப் பயந்து டொக்டர் எழுதித் தந்த பிரசர், மூட்டு மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொப்பளம் வந்தால் உடனே காட்டிக் கேளுங்கள்.

வைத்தியம் என்று பார்த்தால், முக்கியமானது அந்த மருந்தை நிறுத்துவதுதான். அதைத்தான் கடையும் கிளினிக்கும் செய்ய விடவில்லை. ஆஸ்பத்திரியில் நிறுத்தினார்கள், ஸ்டீரொய்ட் கிறீம் பூசினார்கள், ஈரத்துணி போட்டார்கள், காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், சேலைன். சில நாளில் கொப்பளங்கள் காய்ந்து, தோல் சின்னச் சின்னச் செதிலாக உரியத் தொடங்கியது. ஒரு சதமும் வாங்கவில்லை. அந்த வார்ட்டுத் தாதிமாருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் நிபுணர் அழுத்திச் சொன்னார், அதை அப்படியே தருகிறேன். மருந்து குடித்த பிறகு வாய், கண், பிறப்புறுப்பில் புண் வந்தால், தோல் பெரிய பெரிய படையாகக் கழன்றால், முகம் வீங்கினால், மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால் அது இதைவிட ஆபத்தானதாக இருக்கலாம். கிளினிக் திறக்கட்டும் என்று விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இலங்கையில் அன்ரிபயோட்டிக்கைத் துண்டு இல்லாமல் விற்பது சட்டப்படி பிழை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது, கடைகளுக்கு உரிமம் இருக்கிறது, பதிவு பெற்ற மருந்தாளர் நிற்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் கவுண்டரில் நிற்பது பல இடங்களில் ஆரோ ஒரு பெடியன். டொக்டருக்குக் காசு குடுக்க வசதியில்லாத சனம்தான் கடைக்குப் போகுது, அது எனக்கு நல்லாய் விளங்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம், ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் கடைக்காரரின் பொறுப்பு இன்னும் கூடுது. தன்னை டொக்டராக நம்பி வருகிற சனத்துக்கு மருந்தின் பெயரைக் கூட மறைப்பது பெரிய அநியாயம்.

எந்தக் கடையிலும், டொக்டரின் டிஸ்பென்சரியிலும் கூட, கவரில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பனிப் பெயர் மட்டும் போதாது, உள்ளே இருக்கிற மருந்தின் பெயர் வேண்டும். அம்மாவுக்கு நடந்ததைப்போல வேறு பெயரில் அதே மருந்து திரும்ப வந்துவிடும். எழுத மாட்டோம் என்றால் அட்டையோடு வெட்டித் தரச் சொல்லுங்கள், போத்தல் என்றால் லேபிளைப் படம் எடுங்கள். மறுத்தால் வாங்காமல் வாருங்கள். ஏதாவது பிசகு என்று தெரிந்தால் மிச்சக் குளிசையையும் கவரையும் எறியாமல் வைத்திருங்கள்.

அம்மா இப்போது சுகமாக இருக்கிறா. அமொக்சிசிலின் சேர்ந்த பெனிசிலின் குடும்பத்து மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்பு மையால் எழுதித் தந்திருக்கிறார்கள். அதையே ஒரு அட்டையில் எழுதி அவவின் கைப்பையிலும் வைத்திருக்கிறோம், எங்கே விழுந்தாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் உணவு, மருந்துப் பரிசோதகர் இருக்கிறார். எங்கள் முறைப்பாட்டை அங்கேதான் கவரின் படத்தோடு கொடுத்தோம். உங்கள் வீட்டிலும் பெயரில்லாத கவரால் ஆருக்காவது இப்படி நடந்திருந்தால், பில் இல்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். கடை, திகதி, நடந்தது மூன்றையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிரதியில் திகதிச் சீல் குத்தி வாங்க மறக்க வேண்டாம்.