26-ம் பூஜ்யமும்: நானே அசெம்பிள் செய்த பிசியுடன் நான்கு வருடம்

2021 ஜூலையில் பாகம் பாகமாக வாங்கி நானே மாட்டிய பிசி இது. ரைசன் 5 5600எக்ஸ், பி550 போர்டு, இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 3200 ராம், 650 வாட் பவர் சப்ளை, ஆர்டிஎக்ஸ் 3060. அப்போது கிரிப்டோ மைனிங்காரர்கள் ஒரு பக்கம், சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம் என்று கிராபிக்ஸ் கார்டு விலை எங்கேயோ போயிருந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை நாள் அலைந்து, மற்ற எல்லாப் பாகமும் சேர்ந்து வந்த விலையை அந்த ஒரு கார்டுக்குக் கொடுத்து, மதுரை வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் பிசி படுத்தபோதெல்லாம் முதல் சந்தேகம் அந்தக் கார்டின் மேல்தான் விழுந்தது. பாவம், அது கடைசிவரை ஒரு தப்பும் செய்யவில்லை.

முதல் ஐந்து மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. டிசம்பரில் ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் கிராஷ் ஆகும்போது வரும் நீலத் திரை) ஆரம்பித்தது. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வரும், இரண்டு நாள் கழித்து 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்', அடுத்த வாரம் 'பேஜ் ஃபால்ட்' என்று ஏதோ ஒன்று. ஒவ்வொரு பெயரையும் தேடிப்பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வைத்தியம் பார்த்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. டிரைவரில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும், கிராஷின்போது விண்டோஸ் எழுதி வைக்கும் டம்ப் ஃபைலில் அந்த டிரைவரின் பெயரும் கூடவே வரும். தடவைக்கு ஒரு பெயர் மாற்றி மாற்றி வருகிறது என்றால் ராமைப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் கிராபிக்ஸ் டிரைவரை நாலு தடவை கழற்றி மாட்டினேன்.

ராம் டெஸ்ட் செய்யாமல் இல்லை. அங்கேதான் பெரிய கோட்டை விட்டேன். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறி பிடித்து, போர்டில் இருந்த பேட்டரியைக் கழற்றி சிமாஸ் (போர்டு தன் அமைப்புகளை நினைவில் வைக்கும் இடம்) கிளியர் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, டிரைவரையும் புதிதாகப் போட்டு, ராத்திரி மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் நாலு சுற்றும் முடிந்து, எரர் பூஜ்யம் என்று பச்சையாக நின்றது. ராம் உத்தமம், விண்டோஸ்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட்டேன். ப்ளூ ஸ்கிரீனும் நின்றுவிட்டதால் அந்தத் தீர்ப்பை மறுபடி யோசிக்கவும் இல்லை.

இரண்டரை மாதம் கழித்து டாஸ்க் மேனேஜரில் வேறு எதற்கோ போனபோது மெமரி ஸ்பீடு 2133 என்று இருந்தது. காசு கொடுத்தது 3200-க்கு! அப்போதுதான் உறைத்தது: சிமாஸ் கிளியர் செய்தால் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் உள்ள அமைப்பெல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும், ராமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியும் அணைந்துவிடும் (சில போர்டில் இதற்கே டிஓசிபி என்று பெயர்). பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் என் ராம் தானாக ஓடியது 2133-இல், 1.2 வோல்ட்டில். 3200-க்குப் போக எக்ஸ்எம்பியை நாம்தான் பயாஸில் போட வேண்டும், அதற்கு 1.35 வோல்ட் வேண்டும். ஆக, நான் விடிய விடிய டெஸ்ட் செய்தது ராம் நிம்மதியாக நடந்துகொண்டிருந்தபோது. அது தடுக்கி விழுந்தது ஓடும்போது.

எக்ஸ்எம்பியைப் போட்டேன். மூன்றாவது நாள் ப்ளூ ஸ்கிரீன். அன்றைக்கு வந்த சந்தோஷம் மாதிரி எந்த கிராஷுக்கும் வந்ததில்லை.

அப்புறம் ஒழுங்காகச் செய்தேன். எக்ஸ்எம்பி போட்டபடியே ஒரு ராம் குச்சியை மட்டும் சிபியுவிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து மெம்டெஸ்ட்: சுத்தம். அதே ஸ்லாட்டில் இன்னொரு குச்சி: இரண்டாவது சுற்றிலேயே சிவப்புக் கோடுகள் கொட்டின. சந்தேகத்துக்கு அதை நாலாவது ஸ்லாட்டில் வைத்தும் பார்த்தேன், அங்கேயும் அதே கதை. கோளாறு குச்சியோடு கூடவே போகிறது, ஸ்லாட்டோடு நிற்கவில்லை, அதனால் போர்டு தப்பித்தது. வாரன்டியில் இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள், ஜோடியாக விற்றதை ஜோடியாகத்தான் மாற்றுவார்களாம். மூன்று வாரம் பிசி இல்லாமல் இருந்தேன்.

புது ராம் வந்தது. ப்ளூ ஸ்கிரீன் அதோடு ஒழிந்தது. ஆனால் பிசி சாவது நிற்கவில்லை.

இதை எப்படிச் சொல்வது... சத்தமில்லாத சாவு. கேம் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று திரை இருட்டாகும், அடுத்த நொடி போர்டின் லோகோ வந்து நிற்கும். நீலமும் இல்லை, எரரும் இல்லை. முன்னாலும் இப்படி ஆகியிருக்கிறது, ஆனால் எல்லாமே கிராஷ்தானே என்று ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தேன். விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே சிவப்பு வரி, கெர்னல்-பவர் 41. அந்த வரி சொல்வதெல்லாம் "போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை" என்பது மட்டும்தான், காரணம் அதில் இல்லை. பவர் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு பவர் சப்ளையை மாற்றப் போகிறவர்கள் நிறையப் பேர். நானும் போனேன்.

அந்த வரிக்குள்ளே 'டீடெய்ல்ஸ்' என்று இருப்பதைத் திறந்தால் பக்செக்கோடு என்று ஓர் எண் இருக்கும். ப்ளூ ஸ்கிரீனால் வந்த 41 என்றால் அங்கே பூஜ்யம் அல்லாத ஓர் எண் நிற்கும். என் பழைய பதிவுகளில் 26, 10, 80 என்று இருந்தன. அவை பதின்ம எண்கள், ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) மாற்றினால் 1ஏ, ஏ, 50, அதாவது மேலே சொன்ன அதே மூன்று ப்ளூ ஸ்கிரீன்களின் எண்கள். சத்தமில்லாமல் செத்த நாட்களில் எல்லாம் பூஜ்யம். விண்டோஸுக்குச் சாகப்போவதே தெரியவில்லை, எழுதி வைக்க நேரம் கிடைக்கவில்லை. ஒன்றரை வருடமாக ஒரு வியாதி என்று நினைத்து நான் துரத்தியது இரண்டு வியாதிகளை!

சூடு இல்லை என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. மே மாத மதுரையிலும் சிபியு 78 டிகிரியைத் தாண்டவில்லை, இந்த சிபியுவுக்கு வரம்பு 95. நண்பனின் 750 வாட் பவர் சப்ளையைக் கடன் வாங்கி மாட்டினேன், அதிலும் செத்தது. பிசியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே போய் இரண்டு நாள் ஓடவிட்டேன், ஒரு தடவைகூட அசையவில்லை. "உன் வீட்டு வாஸ்து சரியில்லடா" என்றான். கிட்டத்தட்ட சரியாகத்தான் சொன்னான்.

விடையைக் கண்டுபிடித்தது அம்மா. ஏப்ரல் மாதம், ராத்திரி எட்டு மணி, எதிர்வீட்டில் பக்கத்துவீட்டில் எல்லாம் ஏசி ஓடும் நேரம். பிசி ரீஸ்டார்ட் ஆகி நான் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து, "என்னடா ஃபேன் கொர்ருங்குது, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டார். எல்ஈடி பல்பு கண் சிமிட்டக்கூட இல்லை, அதனால் நான் கவனித்ததே இல்லை. எங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ், அதில் ஓடினால் சீலிங் ஃபேன் உறுமும். அதாவது வீடு அந்த நொடியில்தான் இன்வெர்ட்டருக்கு மாறியிருந்தது.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், நார்மல், யுபிஎஸ் என்று. எங்களுடையது வாங்கிய நாளிலிருந்து நார்மலில் கிடந்தது. நார்மலில் இருந்தால் வோல்டேஜ் ரொம்பக் கீழே இறங்கும்வரை அப்படியே விட்டுவிட்டு, அப்புறம்தான் மெதுவாக மாறும். லைட்டும் ஃபேனும் அதைப் பொறுத்துக்கொள்ளும். பிசி பவர் சப்ளை கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது முழு லோடில் 16 மில்லி செகண்ட் சுமார்தான். லோடு குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். படம் பார்க்கும்போது பிழைத்தும் கேம் ஆடும்போது செத்தும் போனதற்குக் காரணம் இதுதான். நான் பாட்டுக்கு கேமைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்விட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளினேன். செலவு பூஜ்யம். அடுத்த இரண்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை செத்தது, அதற்கும் சேர்த்து மேசைக்கடியில் தனியாக ஒரு 1000 விஏ யுபிஎஸ் வைத்துவிட்டேன்.

அதே சாக்கில் எலக்ட்ரீஷியன் அண்ணனையும் வரவழைத்தேன், ஏனென்றால் வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கூச்சம் ரொம்ப நாளாக இருந்தது. டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பிடித்தார், பல்பு மினுக்மினுக்கென்று எரிந்தது. எர்த் குழி காய்ந்து கிடக்கிறது, கோடையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் தம்பி என்றார். எர்த் இல்லாவிட்டால் பவர் சப்ளையின் ஃபில்டர் வழியாகப் பாதி மெயின்ஸ் வோல்டேஜ் கேபினெட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் கம்மி என்பதால் கூச்சத்தோடு போகிறது. ரீஸ்டார்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் தண்ணீர் ஊற்றிய பிறகு ஹெட்செட்டில் இருந்த ஙொய் என்ற இரைச்சலும் போய்விட்டது.

இப்போது நான்கு வருடம் ஆகிறது. அதே 3060, அதே பவர் சப்ளை, எக்ஸ்எம்பி 3200-இல். பழக்கதோஷத்தில் மாதம் ஒருமுறை ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்க்கிறேன். போன மாதம் திடீரென்று ஒரு 41 இருந்தது, பக்செக்கோடு பூஜ்யம். நெஞ்சு திக்கென்றது. கீழே பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற வரியைப் பார்த்தேன், அது பூஜ்யமாக இல்லை. யாரோ பவர் பட்டனைப் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். அக்கா மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கேம் தோத்துருச்சு மாமா" என்றான்.