வெளியே அனுப்புவதா, தினமும் இரண்டு நிமிடம் பேசுவதா?

வகுப்பில் திடீரென்று கத்தி நாற்காலியை உதைக்கும் 15 வயதுப் பையனுக்கு, பல பள்ளிகள் முதலில் எடுக்கும் ஆயுதம் சஸ்பென்ஷன். அடிதடி என்றால் மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அது தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் கணக்கு புரியாமல், போர்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் கத்துகிறவனுக்கு அது தண்டனையே இல்லை. அவன் கேட்ட விடுதலையை நாமே கொடுத்தனுப்புகிறோம். திரும்பி வரும்போது பாடம் இன்னும் தள்ளிப் போயிருக்கும்.

இன்னொரு வழி 'செக்-இன் செக்-அவுட்'. காலை மணி அடிப்பதற்கு முன் அவன் நம்புகிற ஒரு ஆசிரியரைப் பார்க்கிறான். "ராத்திரி தூங்கினியாப்பா? இன்னைக்கு எந்த பீரியட் கஷ்டமா இருக்கும்?" அவ்வளவுதான். கையில் ஒரு அட்டை. ஒவ்வொரு பீரியட் முடிவிலும் அந்தந்த ஆசிரியரிடமிருந்து, அவன் நடந்துகொண்ட விதத்துக்கு 0, 1 அல்லது 2 புள்ளியும், கூடவே ஒரு நல்ல வார்த்தையும். மாலையில் அதே ஆசிரியரிடம் அட்டையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

கவனத்துக்கு ஏங்கும் பிள்ளைகளிடம் இது நன்றாகப் பலிக்கிறது. பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்ப்பவனுக்கு அட்டை மட்டும் போதாது, கணக்கிலும் கை கொடுக்க வேண்டும். இந்த வயதில் நண்பர்கள் முன் அட்டையை நீட்டுவது பெரிய அவமானம். நோட்டுக்குள் வைத்துக் கொடுக்கட்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தால் இரண்டு வழியும் வேண்டாம். தனியே விடாமல், அன்றே கவுன்சலரிடம் அழைத்துப் போங்கள்.

என் ஓட்டு அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான். சஸ்பெண்ட் ஆகித் திரும்புகிறவனுக்கும் முதல் நாள் காலையிலேயே அதைத் தொடங்கலாம்.