விறகு அடுப்புக்குப் புகைக்குழாய் போடுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

பெங்களூரில் பழைய ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு, குளிருக்கு இரும்பு விறகு அடுப்பு வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் குழாய் போட்டவர் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர். 24 கேஜ் (தகட்டின் தடிமன் அளவு) கறுப்பு இரும்புக் குழாய் என்று பேசித்தான் பணம் வாங்கினார். மாட்டியதோ ஏசி டக்டுக்குப் போடும் மெல்லிய ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் சார், இது துருப்பிடிக்காது" என்றார். ஒன்றே இல்லை. அதிகச் சூட்டில் ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சு கெட்டு நச்சுப்புகை விடும்.

இணைப்புகள் அதைவிட மோசம். ஒவ்வொரு துண்டிலும் சுருக்கிவிட்ட முனை கீழே, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் புகை குளிர்ந்து தாராக வழிந்தாலும் குழாய்க்குள்ளேயே இறங்கி அடுப்பில் விழும். இவர் தலைகீழாகச் செருகியதால் சுவரெல்லாம் கறுப்பாக ஒழுகியது. இணைப்புக்கு மூன்று ஸ்க்ரூவாவது போட வேண்டிய இடத்தில் வெறும் அலுமினிய டேப். "விறகு ஈரம் சார்" என்று பழியை விறகின் மேல் போட்டார்.

ஓடு மாற்ற வந்த மேஸ்திரிதான் உண்மையான ஆபத்தைக் காட்டினார். கூரையில் குழாய் கைமரத்தை உரசிக்கொண்டு போகிறது, மரம் கரிந்திருக்கிறது! ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் 18 அங்குல இடைவெளி வேண்டும். கூரையைத் துளைத்துப் போகும் பகுதிக்கு, நடுவில் வெப்பக்காப்பு வைத்த இரட்டைச் சுவர்க் குழாய்தான் போட வேண்டும். மரம் தொடர்ந்து சூடுபட்டால், பிறகு குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும். அம்மா அந்த அறையில்தான் தூங்குவார்.

உயரமும் போதவில்லை. குழாய் கூரைக்கு மேல் 3 அடியாவது போக வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் கூரை, சுவர் எதையும்விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். எங்களுடையது பக்கத்து வீட்டுச் சுவரைவிடத் தாழ்வு. காற்றடித்தால் புகை வீட்டுக்குள் திரும்பும், அம்மாவுக்குத் தலைவலி வரும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது என்பதால் இதைச் சாதாரணமாக விடாதீர்கள். அதற்கான அலாரம் ஒன்றும் வாங்கி மாட்டுங்கள்.

இப்போது அவர் போனை எடுப்பதில்லை. பில்லில் "பைப் வேலை" என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் தகட்டின் வகை, கேஜ், கூரைக்கு மேல் எத்தனை அடி, எல்லாவற்றையும் எழுதி வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். அடுப்பை நாங்கள் பற்றவைப்பதில்லை, கைமரம் மாற்றும் வேலை நடக்கிறது. இரட்டைச் சுவர்க் குழாயை ஒழுங்காகப் பொருத்துபவர் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.