‘அக்சஸிபிலிட்டி டெஸ்டர் வேலை உறுதி’ என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் முன்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர்களைக் குறிவைத்து, இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கும் இணைய அணுகல்தன்மைத் (அக்சஸிபிலிட்டி) துறையில் மூன்றே மாதத்தில் வேலை உறுதி என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி, புதுச்சேரியில் உள்ள பயிற்சி நிலையம் ஒன்றில் 45,000 ரூபாய் கட்டிப் படித்தவள் நான். புகார் நிலுவையில் இருப்பதால் நிலையத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை மற்றவர்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

அவர்கள் அறிமுகக் கூட்டத்தில் சொன்னவற்றில் பெரும்பகுதி உண்மை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டமும் அதே ஆண்டு ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அங்குள்ள வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் நம் ஊர் நிறுவனங்களுக்கும் இத்துறை தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். வேலை இருக்கிறது, அந்த வேலையைத்தான் அவர்கள் கற்றுத்தரவில்லை.

வகுப்பில் நாங்கள் செய்ததெல்லாம், இணையதளத்தைத் தானாகச் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடும், குரோம் உலாவியில் உள்ள லைட்ஹவுஸ் கருவியை ஓட்டி, அது தரும் மதிப்பெண்ணை ஒரு வேர்டு கோப்பில் ஒட்டி, பிடிஎஃப் ஆக மாற்றியது மட்டுமே. நூறு வந்துவிட்டால் அந்தத் தளம் ‘பாஸ்’ என்று எழுதச் சொன்னார்கள். ஒரு தங்கும் விடுதியின் தளத்தில் அறைப் படங்களுக்கெல்லாம், படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கு விளக்கும் மாற்று உரையாகக் கேமராவின் கோப்பு எண்ணே கொடுக்கப்பட்டிருந்தது. ஏதோ ஓர் உரை இருக்கிறது என்பதால் கருவி அதை ஏற்றுக்கொண்டது. படத்தில் கட்டில் இருக்கிறதா, சக்கர நாற்காலி நுழையும் கதவு இருக்கிறதா என்பதை அந்த எண்ணிலிருந்து யார் தெரிந்துகொள்ள முடியும்? மனிதர் நேரடியாகச் சோதிக்க வேண்டியவை இன்னும் உள்ளன என்று லைட்ஹவுஸே ஒரு பட்டியல் தருகிறது. அதை எங்களுக்குத் திறந்துகூடக் காட்டவில்லை.

என்னுடன் படித்தவர்களில் திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்த, முற்றிலும் பார்வையற்ற அக்கா ஒருவர் இருந்தார். தம் மடிக்கணினியில், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துவார். பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர்கள் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அணுகல்தன்மை கற்றுத்தரும் இடத்தில் அதைத்தான் முதல் நாளே திறந்திருக்க வேண்டும். ஆசிரியரோ, “சத்தத்தை நிறுத்தும்மா, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு” என்றார். “இது இல்லாம நான் எப்படி சார் படிக்கிறது?” என்று அக்கா கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இரண்டாம் தவணை கட்டும் நாளில் அந்த நிலையத்தின் கட்டணப் பக்கத்தை அக்கா திறந்தபோது நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். டேப் விசையை அழுத்த அழுத்த, “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டுமே குரல் வந்தது. எது எதற்கான பட்டன் என்பதற்குப் பெயரே இல்லை. தேதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தை மவுஸ் இல்லாமல் இயக்கவே முடியவில்லை. விசைப்பலகையால் இயக்க முடிவதும், பட்டனுக்குப் பெயர் இருப்பதும், அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி-யில் ‘ஏ’ நிலையிலேயே, அதாவது மிகக் குறைந்தபட்ச நிலையிலேயே, கேட்கப்படுபவை. கடைசியில் அலுவலக ஊழியர் ஒருவர் அக்காவின் வங்கி அட்டையை வாங்கி, எண்களைத் தாமே தட்டிப் பணத்தை எடுத்துக்கொண்டார். என் பணம் போனதைவிட எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

‘புராஜெக்ட்’ என்ற பெயரில் நாங்கள் தயாரித்த அறிக்கைகள், நிபுணர்களின் தணிக்கை அறிக்கை என்று வெளி நிறுவனங்களுக்கு விலைக்குப் போயின என்பது பிறகுதான் தெரியவந்தது. அந்த நிறுவனங்களுக்கு, ஒரே வரி நிரலைச் சேர்த்தால் தளம் தானாகச் சரியாகிவிடும் என்று கூறி ‘ஓவர்லே’ மென்பொருளையும் விற்றிருக்கிறார்கள். இதே போன்ற வாக்குறுதியை அளித்த நிறுவனம் ஒன்று 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-இல் நடவடிக்கை எடுத்தது.

எங்களுக்குத் தந்த சான்றிதழில், அந்த டபிள்யூசிஏஜி வழிகாட்டியை வெளியிடும் டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. அந்த அமைப்பு யாருக்கும் சோதனையாளர் என்று உரிமம் தருவதில்லை. சென்னை நிறுவனம் ஒன்றின் நேர்காணலில் என் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு படிவத்தை மவுஸைத் தொடாமல் நிரப்பிக் காட்டச் சொன்னார்கள்; எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தபட்சம் 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு ஏன் தேவை என்று கேட்டார்கள். இவற்றில் ஒன்றுகூட வகுப்பில் வந்ததில்லை.

இத்துறையில் அங்கீகாரம் வேண்டுவோர் அணுகல்தன்மை வல்லுநர்களின் சர்வதேச சங்கமான ஐஏஏபி நடத்தும் சிபிஏசிசி, டபிள்யூஏஎஸ் தேர்வுகளை நேரடியாக எழுதலாம். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 முழுவதையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். டபிள்யூ3சி-யின் அறிமுகப் பாடமும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வகுப்பில்தான் சேர வேண்டும் என்றால், பணம் கட்டும் முன்பு, திரையை அணைத்துவிட்டு அந்த நிலையத்தின் சொந்தப் பக்கத்தை ஸ்கிரீன் ரீடர் கொண்டு நிரப்பிக் காட்டுமாறு ஆசிரியரிடம் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று இருந்ததைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். நானும் அக்காவும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். பயிற்சி நிலையங்கள் வேலை உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்வதை 2024 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. நிலையம் புதுச்சேரியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், அடுத்து கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். அங்கே படித்த மற்றவர்கள் ரசீதையும் விளம்பரப் படத்தையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த வகுப்புக்கான சேர்க்கையை அவர்கள் இப்போதே தொடங்கிவிட்டார்கள்.